ராணுவத்துக்குப் பின் நிதித் துறை: ஒரு புதுப்பிப்பு

ஹவில்தாராக ஓய்வு பெற்றபின், செக்யூரிட்டி வேலைக்குப் போகாமல் நிதித் திட்டமிடல் பக்கம் வரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்களுக்கான என்ஐஎஸ்எம் 5-ஏ தேர்வில் பாஸாகிவிட்டேன். 100 கேள்விகள், 2 மணி நேரம், 50 மதிப்பெண் போதும். மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியிலிருந்து ஏஆர்என் என்ற பதிவு எண்ணும் வந்துவிட்டது. இதை வைத்து மியூச்சுவல் ஃபண்ட் விநியோகிக்கலாம். கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்ல பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியிடம் தனிப் பதிவு வேண்டும். அதற்கு இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் வந்தவர் எங்கள் யூனிட் அண்ணன் ஒருவர். கம்யூட்டேஷன் பணம் (பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே வாங்கும் தொகை) மொத்தத்தையும் ஒரே இன்சூரன்ஸ் பாலிசியில் போடச் சொல்லி உறவினர் நச்சரிக்கிறாராம். அவருடைய பிபிஓவை, அதாவது பென்ஷன் உத்தரவை, மேசையில் விரித்து வரி வரியாகப் பார்த்தோம். பென்ஷனில் பாதியை விற்றிருக்கிறார். அந்தப் பாதி முழுசாகத் திரும்ப 15 வருடம் ஆகும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. சரி, முதலில் வீட்டுக் கடனை அடையுங்கள் அண்ணே என்றேன். அப்புறம், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் முன்னாள் படைவீரர்கள் 50 வயதிலேயே சேரலாம். அவருக்கு அடுத்த வருடம் 50. அதுவரை மீதியை வங்கி டெபாசிட்டில் வைக்கச் சொன்னேன். எனக்கு அதில் கமிஷன் கிடையாது, ஆனால் அவருக்கு அதுதான் சரி.

பிபிஓவில் புரியாத வரி இருந்தால் இங்கேயே கேளுங்கள், சொல்கிறேன்.