சித்தப்பா கண்ணுக்கு எதற்கு வி.டி.ஆர்.எல். டெஸ்ட்?

புதுவயல் வாசி:
சித்தப்பாவுக்கு 54 வயது, இங்கே ரைஸ் மில்லில் கணக்கு பார்க்கிறார். கொஞ்ச நாளாக இடது கண் சிவந்து மங்கி, கறுப்புப் பொட்டுகள் மிதக்கின்றன, பேரேட்டில் எண்களின் நடுப்பகுதி அழிந்த மாதிரி இருக்கிறது என்கிறார். சுகர்தான் காரணம் என்று நினைத்தோம். காரைக்குடியில் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தில் தெளிந்து, மறுபடியும் மங்கிவிட்டது. மதுரை டாக்டர் யுவைடிஸ், அதாவது கண்ணுக்குள் அழற்சி என்று சொல்லி ரத்தம் எடுத்தார். சிபிலிஸுக்கான (உடலுறவு வழியாகப் பரவும் மேகநோய்) இரண்டு ரத்த டெஸ்ட்டில் வி.டி.ஆர்.எல். நெகட்டிவ், டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ். சிபிலிஸ் கண்ணைத் தாக்கியிருக்கலாம், அட்மிட் ஆகுங்கள் என்கிறார். சித்தப்பா குன்றிப்போய்ச் சாப்பிடாமல் படுத்திருக்கிறார். எந்த ரிசல்ட்டை நம்புவது?

லேப்காரன்:
இரண்டையும் நம்பலாம் தம்பி. வி.டி.ஆர்.எல். கிருமியை நேராகத் தேடுவதில்லை, அந்தக் கிருமியால் உடம்பில் உண்டாகும் பாதிப்புக்கு எதிராக வரும் ஆன்டிபாடியைத்தான் (எதிர்ப்புப் பொருள்) பார்க்கிறது, நோய் பழசாகிவிட்டால் அது தானாகவே குறைந்து நெகட்டிவ் காட்டக்கூடும். டி.பி.எச்.ஏ. அந்தக் கிருமிக்கென்றே வரும் ஆன்டிபாடியைப் பார்ப்பது, ஒரு தடவை பாசிட்டிவ் ஆனால், வைத்தியம் பார்த்துக் குணமானாலும், பெரும்பாலும் ஆயுசுக்கும் அப்படியே இருக்கும். ஆகவே முன்பு எப்போதாவது இதற்கு ஊசி போட்டுக்கொண்டாரா என்று தனியாக, மெதுவாகக் கேளுங்கள். போடவில்லை என்றால், கண்ணும் இப்படி இருக்கும்போது, டாக்டர் சொல்வதுதான் சரி.

தேவகோட்டை நர்ஸ் அக்கா:
தள்ளிப்போடாதீர்கள். சிபிலிஸ் விழித்திரையையும் பார்வை நரம்பையும் தாக்கும், நரம்பு போய்விட்டால் போனதுதான். வெறும் ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்குமே தவிர கிருமியைக் கொல்லாது. நரம்பு மண்டல சிபிலிஸுக்குக் கொடுக்கும் அதே வைத்தியம்தான் கண்ணுக்கும்: ஒரு நாளைக்கு 1.8 முதல் 2.4 கோடி யூனிட் பென்சிலின், ரத்தக் குழாய் வழியாக, 10 முதல் 14 நாள். பென்சிலின் அலர்ஜி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் நாள் குளிர் காய்ச்சல் வரலாம், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து நிறுத்தச் சொல்லாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. டெஸ்ட்டும் எடுப்பார்கள். தலைவலி, காது மந்தம் மாதிரி ஏதாவது இருந்தால் முதுகுத் தண்டு நீரையும் பார்ப்பார்கள்.

இன்னொன்று, இந்தக் கிருமி பல வருஷம் சத்தமில்லாமல் உடம்பில் கிடக்கும், எந்தக் காலத்தில் வந்தது என்று இப்போது விசாரணை வைக்காதீர்கள். முதலில் அவரைச் சாப்பிட வையுங்கள்.

புதுவயல் வாசி:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. பேசிவிட்டேன், முன்பு ஊசி எதுவும் போட்டதில்லையாம். நாளைக் காலையில் மதுரை கிளம்புகிறோம். சித்திக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

தேவகோட்டை நர்ஸ் அக்கா:
கட்டாயம். அரசு ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்களுக்கென்று இருக்கும் சுகவாழ்வு மையத்தில் இலவசமாகவே எடுப்பார்கள், விஷயம் வெளியே போகாது. சித்தியிடம் எப்படிச் சொல்வது என்று தயக்கமாக இருந்தால் அங்கே இருக்கும் ஆலோசகரையே பேசச் சொல்லுங்கள்.