ஆங்கிலக் கவிஞர் ஸ்டீவி ஸ்மித் எழுதிய கவிதை உங்களை எங்கே பிடித்தது?

மழைக்காகம்:
எம்.ஏ. இரண்டாம் வருடம். ஸ்டீவி தன் குரலிலேயே வாசித்த பதிவை மேடம் போட்டார், அவருடைய பிரபலமான கவிதைதான், 'கையசைக்கவில்லை, மூழ்கிக்கொண்டிருந்தேன்'. அந்தக் குரலைக் கேட்டதும் கடைசி பெஞ்சில் நாங்கள் நாலு பேர் சிரித்துவிட்டோம். செத்தவனைச் சுற்றி நிற்பவர்கள் 'பாவம், அவனுக்கு எப்பவும் விளையாட்டுத்தான்' என்று சொல்லும் வரி வந்தது, சிரிப்பு நின்றுபோனது. பக்கத்தில் இருந்தவன் மட்டும் முதலிலிருந்தே சிரிக்கவில்லை, டெஸ்க்கில் பேனாவால் கோடு கிழித்துக்கொண்டே இருந்தான். எங்களில் பெரிய வாயாடி அவன்தான். அடுத்த வாரம் படிப்பை நிறுத்திவிட்டான். ஏன் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

கிழக்குஜன்னல்:
லண்டனில் வேலை பார்த்தபோது பாமர்ஸ் கிரீன் என்ற பகுதிக்குப் போய், ஸ்டீவி வாழ்ந்த அவண்டேல் ரோடு 1-ஆம் எண் வீட்டைப் பார்த்தேன். ஹல் நகரத்தில் பிறந்து, மூன்று வயதில் இங்கே வந்தவர், 1971-ல் சாகும்வரை இதுதான் வீடு. சாதாரண செங்கல் வீடு, பிரபலங்கள் வாழ்ந்த வீட்டில் பதிக்கும் நீலப் பலகை இல்லையென்றால் தெரியவே தெரியாது. காலை நேரம், எல்லோரும் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள். இவரும் இப்படித்தான் ஓடியிருப்பார், பத்திரிகை கம்பெனி முதலாளிக்குச் செயலாளர் வேலை, 1936-ல் வந்த முதல் நாவலை அந்த ஆபீஸ் மஞ்சள் தாளில்தான் டைப் அடித்தார். அந்தக் கூட்டத்தில் நின்றபோது தொண்டை அடைத்தது. வயதான அத்தையோடு தனிமையிலேயே வாழ்ந்து முடித்துவிட்டார், பாவம்.

படித்துறை:
பழைய புத்தகக் கடையில் புரட்டும்போது எனக்கு முதலில் கண்ணில் பட்டது கவிதை இல்லை, பக்கத்தில் அவரே வரைந்த படம். இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண், ஈர முடி முகத்தில் விழுந்து கிடக்கிறது. கவிதையில் மூழ்குகிறவன் ஆண்! கடையிலேயே நின்று மூன்று தடவை படித்தேன்.

கிழக்குஜன்னல், அத்தை என்று எழுதாதீர்கள். அம்மாவுடன் பிறந்தவர் அவர், நம் முறைப்படி பெரியம்மாவோ சின்னம்மாவோதான். அப்புறம் அந்த 'தனிமையில்' என்பதையும் ஏற்க மாட்டேன். அந்தப் பெரியவரைச் சிங்கம் என்றுதான் ஸ்டீவி கொண்டாடினார், அவர் படுக்கையில் விழுந்தபின் சமைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டார், அந்தப் பெரியவர் 1968 வரை, 96 வயது வாழ்ந்தார். துயரம் இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கவிதை எழுதிய 1953-லேயே ஸ்டீவி ஆபீஸில் உயிரை விடப் பார்த்தார், வேலையும் அதோடு முடிந்தது. ஆனால் அறுபதுகளில் மேடை ஏறி, சர்ச் பாட்டு மெட்டில் தன் கவிதைகளைப் பாடினார், இளைஞர்கள் கூடிக் கேட்டார்கள், 1969-ல் கவிதைக்கான ராணியின் தங்கப் பதக்கமும் வந்தது. புதிதாகப் படிக்கிறவர்கள் தயவுசெய்து போனில் வெறும் வரிகளை மட்டும் படிக்காதீர்கள். படங்களோடு வந்த தொகுப்பை வாங்குங்கள், முடியாவிட்டால் நூலகத்தில் கேளுங்கள். வாய்விட்டுப் படியுங்கள், தாலாட்டு மாதிரி போகிற வரி எங்கே காலை வாருகிறது என்று காதுக்குத்தான் தெரியும்.

மழைக்காகம்:
படத்தைத் தேடிப் பார்த்தேன் படித்துறை, நன்றி. முகம் தெரியாதது என்னவோ செய்கிறது. நேற்று ராத்திரி அவன் பழைய நம்பருக்கு அடித்தேன். ரிங் போனது, எடுக்கவில்லை. இன்றைக்கும் அடிப்பேன்.