புதுப்பிப்பு: கிளிநொச்சியில் இருந்து ஷார்க்ஸ் பார்க்கிறவைக்கு

தோற்றுக்கொண்டே இருந்த சான் ஹொசே ஷார்க்ஸ் எண்ட அமெரிக்க (கலிபோர்னியா) ஐஸ் ஹொக்கி அணியை விடாமல் பார்க்கிறது பற்றிய முதல் பதிவில், நேரத்தையும் புள்ளியையும் கன பேர் கேட்டிருந்தினம்.

அங்கே இரவு 7 மணி ஆட்டம் இங்கே அடுத்தநாள் காலை 7.30. நவம்பர் முதல் ஞாயிறு அவை மணிக்கூட்டைப் பின்னுக்கு வைச்சால் 8.30, மார்ச் இரண்டாம் ஞாயிறு பழையபடி. கந்தோர் நாளில் சரிவராது. ரொறொன்ரோவில் போய் இரவு 7 மணிக்கு ஆடினால் குளிர்காலத்தில் விடிய 5.30, அதுதான் வசதி. அட்டவணையில் சனி எண்டால் எங்களுக்கு ஞாயிறு. கன பேர் தவறவிடுறது இதிலதான்.

வெற்றிக்கு 2 புள்ளி, மேலதிக நேரத்தில் தோற்றால் 1. 2023-24 இல் 82 ஆட்டத்தில் 19 வெற்றி, 9 மேலதிக நேரத் தோல்வி: 38+9=47, லீக்கில் கடைசி இடம். அதால 2024 இல் அணிகள் புது இளம் ஆட்டக்காரரைத் தெரிவு செய்யேக்க முதல் தெரிவு கிடைச்சது, எடுத்தது மக்லின் செலப்ரினியை. ஆனால் முதல் தெரிவு ஆருக்கு எண்டது குலுக்கல். கடைசி அணி மூன்றாம் தெரிவு வரை இறங்கலாம். அடுத்த பருவமும் கடைசிதான், கிடைச்சது இரண்டாவது தெரிவு.

2-4 எண்ட முடிவைப் பார்த்துச் சலிக்காதேங்கோ. ஒரு கோல் பின்னுக்கு நிண்டால் கடைசி நிமிடங்களில் கோலியை (கோல் காப்பாளரை) வெளியே எடுத்து ஆறாவது ஆட்டக்காரரை இறக்குவினம். நாலாவது கோல் கோலி இல்லாத வெறுங்கூட்டுக்குள் விழுந்ததாகவும் இருக்கலாம்.