டேப் வரிசை மேலேயா, கீழேயா? ப்ரவுசரை நம் இஷ்டத்துக்கு மாற்றலாமா?

கோத்தகிரி சென்டர்

கோத்தகிரியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ், பட்டா நகல், பரீட்சை ரிசல்ட், இப்படித்தான் வேலை ஓடுகிறது. எல்லா மெஷினிலும் ஃபயர்ஃபாக்ஸ். டேப் வரிசையை முகவரிப் பட்டைக்குக் கீழே இறக்கி, பக்கத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிற காலேஜ் பசங்க "இது என்ன ப்ரவுசர்ணா?" என்று சிரிக்கிறார்கள்.

இது நான் கண்டுபிடித்த கூத்து இல்லை. 2011 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 4 வரும் வரைக்கும் டேப் கீழேதான் இருந்தது. அந்தப் பதிப்பு மேலே ஏற்றியது. அப்போதும் மெனுவில் ஒரு டிக்கை எடுத்தால் பழையபடி இறங்கிவிடும். 2014 ஏப்ரலில் 29-ஆம் பதிப்பு வந்து அந்த டிக்கையே தூக்கியது. ஆட்-ஆன் போட்டுச் சமாளித்தவர்களுக்கு 2017 நவம்பரில் 57 வந்தபோது அந்த வழியும் அடைபட்டது, பழைய வகை ஆட்-ஆன் எதுவுமே ஓடாது என்றார்கள். இப்போது மிச்சம், ப்ரவுசரின் தோற்றத்தை நாமே எழுதி மாற்ற உதவும் யூசர்குரோம்.சிஎஸ்எஸ் என்கிற கோப்பு மட்டும். அதையும் 69-ஆம் பதிப்பிலிருந்து ப்ரவுசர் தானாகப் படிக்காது, அபவுட்:கான்ஃபிக் என்கிற உள் அமைப்புப் பக்கத்தில் போய் அனுமதி கொடுக்க வேண்டும்.

என் கேள்வி இதுதான். அந்த ஒரு டிக் இருந்துவிட்டுப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஊட்டி நிரலர்

நஷ்டம் இருக்கிறது அண்ணா. எழுதுகிறவனுக்குத்தான் அது தெரியும். ஆம்/இல்லை என்று பத்து டிக் கொடுத்தால் 1024 விதமான ப்ரவுசர் ஆகிறது. ஒவ்வொன்றிலும் எல்லாம் சரியாக வருகிறதா என்று யார் சோதிப்பது?

அப்புறம், டேப் மேலே போனதற்குக் காரணம் உண்டு. பின்னால் போகும் பட்டனும் முகவரியும் அந்தந்த டேபுக்கு உரியவை. டேப் மாறினால் அவையும் மாறுகின்றன. அப்படியென்றால் அவை டேபுக்குள் அடங்கியிருப்பதுதான் முறை. 2008-இல் குரோம் வந்த நாளிலிருந்தே அப்படித்தான். இன்னொன்று, 1954-இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் எழுதிய விதி: குறி பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை சீக்கிரம் போய்ச் சேரும். திரையின் விளிம்பில் மவுஸ் தானாக நின்றுவிடும் என்பதால் விளிம்பில் உள்ள பட்டன் எல்லையில்லாத உயரம் கொண்டது போல. கண்ணை மூடி மவுஸை மேலே தள்ளினாலும் டேப் மேல்தான் நிற்கும்.

குன்னூர் கணக்கர்

தம்பி, மார்கழியில் காலை ஆறு மணிக்கு வெலிங்டன் பக்கம் வந்து, விரைத்த விரலால் லேப்டாப் டச்பேடில் அந்த "தள்ளுவதை" ஒருமுறை செய்து காட்டுங்கள். ஃபிட்ஸ் விதியில் "அருகில்" என்றும் ஒரு சொல் இருக்கிறதே, அதை ஏன் தாண்டிப் போனீர்கள்? என் பாயின்டர் நாள் முழுக்கப் பக்கத்துக்குள் கிடக்கிறது. அதற்கு அருகில் இருக்க வேண்டியது டேபா, நான் எப்போதோ தொடும் முகவரிப் பட்டையா?

1024 கணக்கு எனக்கும் வரும், தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஓபெரா என்று ஒரு ப்ரவுசர். அதன் 12-ஆம் பதிப்பில் டேபை நான்கு பக்கமும் வைக்கலாம், எந்தப் பட்டனையும் எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போடலாம், உள்ளேயே மெயில் இருந்தது. 2013-இல் ஓபெரா 15 வந்தது. சொந்த எஞ்சினை விட்டு, குரோமுக்கு அடிப்படையான குரோமியத்துக்கு மாறியதில் எல்லாம் போனது. முதலில் புக்மார்க்கே இல்லை! ஓபெராவைத் தொடங்கியவர்களில் ஒருவரான யோன் வான் டெட்ஸ்னர் தனியே போய் விவால்டி என்ற ப்ரவுசரை உருவாக்கினார், 2016 ஏப்ரலில் 1.0 பதிப்பு வந்தது. அதில் டேப் மேல், கீழ், இடம், வலம், எங்கேயும் வைக்கலாம், செட்டிங்ஸில் ஒரு சொடுக்கு போதும். சின்ன கம்பெனியால் முடிகிறது. பெரிய கம்பெனிக்குத்தான் சோதிக்க ஆள் இல்லையாக்கும்.

ஊட்டி நிரலர்

விவால்டியின் முகப்பே வெப் பக்கம் எழுதுவது போல எழுதியது சார். அதனால் மாற்றுவது சுலபம். அதனாலேயே பழைய மெஷினில் கனமாகவும் தெரியும். இலவசமாக எதுவும் வராது.

கொடை விடுதி

நீங்கள் மூன்று பேரும் உங்கள் சொந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து பேசுகிறீர்கள். நான் கொடைக்கானலில் நாலு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கும் இ-பாஸ் வேண்டும் என்று ஆனதிலிருந்து என் பாதி நாள் போனிலேயே போகிறது. கெஸ்ட் வத்தலக்குண்டில் டீ குடித்துக்கொண்டே கூப்பிடுவார், "பாஸ் எடுக்கலையே மேடம், எப்படி?" என்று. நான் கண்ணால் பார்க்காத திரையை வைத்து வழி சொல்ல வேண்டும். "மேலே வலது மூலையில் மூன்று புள்ளி தெரியுதா? அதைத் தொடுங்க." அது அங்கே இருந்தால்தான் என் வேலை ஓடும். ஒருவர் ஏதோ அலங்காரம் செய்து வைத்திருந்தார், மூன்று புள்ளியும் இல்லை, முகவரிப் பட்டையும் இல்லை. கடைசியில் அவர் மனைவியின் போனில் எடுத்தோம்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது அண்ணே. கம்பெனி வைத்தபடி விட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். நான் மாற்றியது ஒன்றே ஒன்று. குரோமில் முகவரிப் பட்டையில் ரைட் கிளிக் செய்து முழு முகவரியும் காட்டச் சொல்லி வைத்திருக்கிறேன். எது அரசுத் தளம் என்று தெரிய வேண்டுமே.

ஊட்டி நிரலர்

அக்கா, அதை நீங்கள் மாற்றாவிட்டாலும் தளத்தின் பெயர் தெரியும். குரோம் மறைப்பது முன்னால் வரும் ஹெச்டிடிபிஎஸ்ஸையும் மூன்று டபிள்யூவையும்தான். இ-பாஸுக்குத் தளத்தின் பெயர் டிஎன்இஜிஏ.ஓஆர்ஜி என்று முடிகிறதா என்று பாருங்கள், டிஎன்இஜிஏ என்பது தமிழக அரசின் மின் ஆளுமை முகமை.

கொடை விடுதி

தெரிந்தாலும் முழுசாகப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

குன்னூர் கணக்கர்

ஆஹா! "கம்பெனி வைத்தபடி விடுங்கள், என் நிம்மதிக்கு மட்டும் ஒரு மாற்றம்." அம்மா, நாங்கள் எல்லாரும் அந்த ஒன்றைத்தான் கேட்கிறோம். ஆளாளுக்கு அந்த ஒன்று வேறு.

கூடலூர் டீச்சர்

மேலா கீழா என்று அடித்துக்கொள்கிறீர்கள், பக்கவாட்டில் வைத்துப் பார்த்தீர்களா? பள்ளி லேப்டாப் திரை 1366-க்கு 768 பிக்சல். அகலம் சும்மா கிடக்கிறது, உயரத்துக்குத்தான் பஞ்சம். எட்ஜில் 2021 மார்ச்சிலேயே நெட்டுவாக்கு டேப் வந்துவிட்டது, ஃபயர்ஃபாக்ஸில் 2025 மார்ச்சில் 136-ஆம் பதிப்பில். ஆட்-ஆனும் வேண்டாம், சிஎஸ்எஸ்ஸும் வேண்டாம்.

தமிழ்ப் பக்கம் படிக்கிறவர்களுக்கு இதில் தனி லாபம். நம் எழுத்து அகலம். குறுக்கே டேப் கூடக் கூட எல்லாம் "நீல…", "நீல…", "நீல…" என்று நிற்கும், எது நீலகிரி வரலாறு, எது நீலக்குறிஞ்சி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். இடது பக்கம் அடுக்கினால் தலைப்பு வாசிக்கிற அளவுக்கு வருகிறது.

பூம்பாறை பூண்டு

எங்கள் ஊரில் லேப்டாப்பே எத்தனை வீட்டில் இருக்கு? போனைப் பேசுங்க. கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸில் ஒரு கை கம்பியில், ஒரு கையில் போன். கட்டைவிரல் மேலே எட்டாது. 2020-இல் ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ் முகவரிப் பட்டையைக் கீழே இறக்கியது, மேலே வேண்டுமென்றால் அதற்கும் இடம் விட்டது. 2021-இல் ஆப்பிள் ஐபோன் சஃபாரியில் முகவரிப் பட்டையைக் கீழே இறக்கியபோது ஒரே சத்தம், கடைசியில் மேலே வைக்கும் வழியும் கொடுத்துத்தான் வெளியிட்டார்கள். ஆண்ட்ராய்டு குரோமுக்கு 2025-இல்தான் புத்தி வந்தது. நிரலர் தம்பி, போனில் ரெண்டு விதமும் சோதிக்க முடிகிறதே, கம்ப்யூட்டரில் மட்டும் 1024 ஆகிவிடுமா?

ஊட்டி நிரலர்

கேட்கிற ஆள் லட்சக்கணக்கில் இருந்தால் சோதிப்பார்கள் அண்ணே. டேப் கீழே வேண்டும் என்பவர்கள் அத்தனை பேர் இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் யூசர்குரோமை மூடாமல் விட்டிருக்கிறார்கள்: தெரிந்தவன் செய்துகொள், உடைந்தால் எங்களிடம் வராதே.

என் மறுப்பு சென்டரைப் பற்றியது. அது பொது மெஷின். வீட்டில் எல்லா மாற்றமும் நல்லது, சென்டரில் சிலது ஆபத்து. ஆடிக் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போகும். வீட்டில் "முந்தைய டேப்களைத் திற" என்று வைத்திருந்தால் வரம். சென்டரில் அதே அமைப்பு இருந்தால், முந்தின ஆள் திறந்து வைத்த மெயில் அடுத்தவர் முன்னால் வந்து நிற்கும்.

கோத்தகிரி சென்டர்

அது நிறுத்தித்தான் இருக்கிறது. மூடினால் எல்லாம் அழிகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

டேபைக் கீழே வைத்த காரணத்தைச் சொல்கிறேன், பழக்கம் மட்டும் இல்லை. விண்ணப்பம் நிரப்பும்போது "மாதிரிப் படிவம்" என்று ஒன்றைத் தொட்டால் அது புது டேபில் திறக்கும். வயதானவர்கள் உடனே "ஐயோ, எழுதினதெல்லாம் போச்சே" என்று பதறுவார்கள். விண்ணப்பம் பக்கத்து டேபில் பத்திரமாக இருக்கும். அவர்கள் கண் பக்கத்தின் தலைப்பில்தான் நிற்கிறது, ஜன்னலின் உச்சிக்கு ஏறுவதில்லை. டேப் அந்தத் தலைப்பை ஒட்டி இருந்தால் பாதிப் பேர் தாங்களே பார்த்துத் தொட்டுவிடுகிறார்கள்.

கொடைக்கானல் தங்கச்சி சொன்னது அவர்களுக்கு நியாயம். போனில் வழி சொல்கிறவருக்கு எல்லாத் திரையும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறேன், மூன்று புள்ளி எங்கே என்று கேட்டால் விரலால் காட்டுவேன். என் கடையில் டேப் கீழேதான் இருக்கும்.

கொடை விடுதி

நீங்கள் கடையில் இல்லாத நாள்?

கோத்தகிரி சென்டர்

அன்றைக்குக் கடை லீவு.

ஊட்டி நிரலர்

சரிணா. அப்படியென்றால் ஃபயர்ஃபாக்ஸின் ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள், யூசர்குரோம் கோப்பு கிடக்கும் "குரோம்" என்கிற ஃபோல்டர் இருக்கிறதே, அதை அப்படியே ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். அடுத்த பெரிய பதிப்பில் அந்த வரிகள் ஓடவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், திருத்தித் தருகிறேன். டேப் மேலேதான் இருக்க வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை.