ஹார்ட்டில்பூலில் நிற்கும் 'டிரிங்கோமலி' எங்கள் ஊர்க் கப்பலா?

திருமலைமகள்:
போன சனிக்கிழமை இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலுக்குப் போயிருந்தோம். அங்கே தண்ணீரில் நிற்கும் பழைய பாய்மரப் போர்க்கப்பலின் பெயர் 'டிரிங்கோமலி'. எங்கள் ஊரான இலங்கைத் திருகோணமலையின் ஆங்கிலப் பெயரை அங்கே பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. கீழ்த்தளத்து மரச்சட்டம் ஒன்றை மகள் தடவிப் பார்த்து, "அம்மப்பா வீட்டுக் கதவு மாதிரி இருக்கு" என்றாள். ஊரில் இருக்கும் அப்பாவிடம் சொன்னேன். "எங்கட துறைமுகத்தில் கட்டினதோ?" என்று ஆவலாகக் கேட்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கோட்டை மரக்கடை:
கட்டியது பம்பாயில், அக்கா. ஆனால் உங்கள் மகள் கை பொய் சொல்லவில்லை, அது மலபார் தேக்கு. நெப்போலியன் காலத்துப் போர்களால் பிரிட்டனில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. அதனால் வாடியா என்ற பார்சி குடும்பத்தின் ஜம்ஷெட்ஜி போமன்ஜியிடம் வேலை வந்தது. முதலில் அனுப்பிய வரைபடங்கள் 'ஜாவா' கப்பலில் வந்தன. 1812இல் அமெரிக்கப் போர்க்கப்பல் 'கான்ஸ்டிடியூஷன்' அந்தக் கப்பலை வீழ்த்தியதில் அவையும் போயின. மறுபடி வரவழைத்து, 1816இல் அடிமரத்தில் பார்சி வழக்கப்படி வெள்ளி ஆணி அடித்துத் தொடங்கினார்கள். 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் நீரில் இறங்கியது.

ஓக்கின் துவர்ப்பு இரும்பை அரிக்கும். தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஆணி கெடாது. பழைய வீட்டு நிலைகளைப் பிரிக்கும்போது துரு ஏறாத ஆணிகளை நானே எடுத்திருக்கிறேன்.

அலைவாய்:
பெயர் மட்டும் உங்கள் ஊருடையது. 1782இல் திருகோணமலைக்கு அப்பால் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் மோதிய சண்டையின் நினைவாக வைத்தது. 1819இல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது போர் முடிந்திருந்தது, கால் நூற்றாண்டு சும்மாவே கிடந்தது. அப்புறம் பசிபிக் வரை போனது. கனடாவின் மேற்குக் கரையில் இன்றும் 'டிரிங்கோமலி' என்றொரு கடற்கால்வாய் இருக்கிறது, இந்தக் கப்பலின் பெயரால்!

1897இல் உடைக்க விற்றுவிட்டார்கள். வீட்லி காப் என்பவர் வாங்கி, 'ஃபூட்ராயன்ட்' என்று பெயர் மாற்றினார். 1986 வரை பிள்ளைகள் அதில் கடற்பயிற்சி பெற்றார்கள். மறுவருடம் ஹார்ட்டில்பூல் போனது. பழைய பெயர் 1992இல் திரும்பியது, சீரமைப்பு 2001இல்தான் முடிந்தது. கடற்படைத் தளபதி நெல்சனின் 'விக்டரி' கப்பல் இதைவிட மூத்தது, ஆனால் அது தண்ணீர் இல்லாத உலர்துறையில் நிற்கிறது. இன்றும் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மூத்தது இதுதான்.

திருமலைமகள்:
இருவருக்கும் மிக்க நன்றி. எல்லாவற்றையும் அப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். ஊரில் கட்டவில்லை என்றதும் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆணி விஷயம் வந்ததும் "பொறு" என்று எழுந்து போனார். சிறிது நேரம் சத்தமே இல்லை. திரும்பி வந்து, "கதவு ஆணியில துரு இல்லை, பிள்ளை" என்றார்.