மறு: டெக்னோசிக்னேச்சர் என்பதற்குத் தமிழ்ச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

வேற்றுலகத் தொழில்நுட்பம் இருப்பதைக் காட்டக்கூடிய, தொலைவிலிருந்து அளக்கத்தக்க குறியை ஆங்கிலத்தில் டெக்னோசிக்னேச்சர் என்கிறார்கள். அதற்கான தமிழ்ச்சொல்லுக்கு இழையில் இப்போது மூன்று பரிந்துரைகள் நிற்கின்றன: ஆறறிவுத் தடயம், நுட்பச்சுவடு, தொழில்நுட்பக் கையொப்பம். மூன்றுமே எனக்கு உடன்பாடில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கான வானியல் சொல்லடைவில் இது ஏறப்போகிறது. ஏறிய பிறகு மாற்றுவது எவ்வளவு கடினம் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> நாம் தேடுவது அறிவுள்ள உயிரை. அறிவு என்ற சொல்லை விட்டுவிட்டால் பொருளே போய்விடும்.

ஐயா, தேடுவது அறிவுள்ள உயிரைத்தான், மறுக்கவில்லை. ஆனால் தொலைநோக்கியின் கண்ணில் அறிவு படாது. திமிங்கலத்துக்கும் ஆக்டோபசுக்கும் அறிவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பத்து ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து அதை அறிய ஒரு வழியும் இல்லை. வானொலி அலை பரப்புவதுபோல் ஏதேனும் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் மட்டுமே அங்கிருந்து பார்ப்பவருக்குப் புலப்படுவார்கள். இந்த ஆங்கிலச் சொல்லை 2007இல் முன்வைத்த வானியலாளர் ஜில் டார்ட்டர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததும் இதுதான்: அறிவைத் தொலைவிலிருந்து கண்டறிய முடியாது, தொழில்நுட்பத்தைத்தான் முடியும். அந்தத் தெளிவுக்காகப் பிறந்த சொல்லைத் தமிழாக்கும்போது நாமே அறிவை மறுபடி உள்ளே நுழைத்துவிடக் கூடாது.

1960இல் வானியலாளர் ஃபிராங்க் டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்கில் 26 மீட்டர் வானொலித் தொலைநோக்கியை டவ் செட்டி, எப்சிலான் எரிடானி ஆகிய இரண்டு விண்மீன்கள் பக்கம் திருப்பியபோது தேடியது என்ன? 1420 மெகாஹெர்ட்ஸ் அருகே, மிகக் குறுகிய அதிர்வெண் பட்டையில் வரும் ஒரு குறிகை (சிக்னல்). இயற்கையில் கிடைக்கும் மிகக் குறுகிய மேசர் வரிகளே (விண்வெளி வாயு மேகங்கள் வெளியிடும் நுண்ணலைகள்) சில நூறு ஹெர்ட்ஸ் அகலம் இருக்கும். ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில் ஆற்றல் முழுவதும் குவிந்து வந்தால் அதற்குப் பின்னால் ஒரு கருவி இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அந்தக் கருவியைச் செய்தவர் எப்படிச் சிந்திப்பவர், அறிவு ஐந்தா ஆறா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

> நுட்பச்சுவடு சுருக்கமாக, அழகாக இருக்கிறது.

இருக்கிறது. ஆனால் நுட்பம் என்று தனியே நின்றால் 'நுண்மை' என்ற பொருள்தான் முதலில் வருகிறது. நுட்பமான சுவடு, அதாவது கண்ணுக்கு எளிதில் படாத சுவடு என்றே ஒரு மாணவர் படிப்பார். தொழில்நுட்பம் என்று முழுதாக எழுதுவதே நல்லது. கையொப்பம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: தமிழில் கையொப்பம் ஒருவர் தெரிந்தே இடுவது, ஆனால் வளிமண்டலத்தில் மாசு கலப்பவர் அங்கே கையெழுத்துப் போடவில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது சொல்லின் பின்பாதி. சுவடு, தடயம் இரண்டுமே தீர்ப்பு எழுதிவிட்ட சொற்கள். சுவடு கிடந்தால் ஒருவர் நடந்திருக்கிறார், தடயம் கிடைத்தால் ஒரு செயல் நடந்திருக்கிறது. இந்தத் துறையின் வரலாறோ நேர்மாறானது. 1967இல் ஜாஸ்லின் பெல் கேம்பிரிட்ஜில் கண்ட, 1.33 நொடிக்கு ஒருமுறை துடித்த குறிகைக்கு 'சின்னப் பச்சை மனிதர்கள்' என்று பொருள்படும் பட்டப்பெயர்கூட வைத்தார்கள். அது துடிவிண்மீன் (பல்சர்), சுழன்றபடி ஒழுங்காகத் துடிப்புகளை அனுப்பும் இயற்கையான விண்மீன். 1977 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவின் ஒகாயோவில் ஒரு வானொலித் தொலைநோக்கியில் 72 நொடிகள் பதிவான 'வாவ்' குறிகை அதன்பின் திரும்ப வரவே இல்லை. KIC என்ற, கெப்ளர் விண்தொலைநோக்கிக்கான பட்டியலின் 8462852 எண் விண்மீன் 22 விழுக்காடு வரை மங்கியதும் அதைச் சுற்றி மாபெரும் கட்டுமானம் இருக்கலாம் என்ற பேச்சு 2015இல் பரவியது. பிறகு நீல ஒளி கூடுதலாகவும் சிவப்பு ஒளி குறைவாகவும் மங்குவதைப் பார்த்துத் தூசி என்றார்கள். திண்மமான கட்டுமானம் மறைத்திருந்தால் எல்லா நிறமும் ஒரே அளவில் மங்கியிருக்கும்.

இவற்றுள் நான் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புவது BLC1 என்ற குறிகையின் கதையை. 2019 ஏப்ரல், மே மாதங்களில் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செந்தாரியை நோக்கியிருந்தது. சிறிது நேரம் விண்மீனைப் பார்ப்பது, பிறகு விலகி வேறிடம் பார்ப்பது, மறுபடி திரும்புவது என்பது அவர்கள் முறை. விலகும்போதும் குறிகை வந்தால் அது நம்மூர்க் கருவியின் இரைச்சல். 982 மெகாஹெர்ட்ஸ் அருகே ஒரு குறிகை விண்மீனைப் பார்க்கும்போது மட்டும் வந்தது. சில மணி நேரம் நீடித்தது. அதிர்வெண்ணும் மெல்ல நகர்ந்தது, நகரும் கோளிலிருந்து வந்தால் இருக்க வேண்டியபடியே. அத்தனை சோதனையும் தேறியது. பிறகு பழைய தரவுகளைத் துழாவியபோது அதே சாயலில் பல குறிகைகள் வேறு அதிர்வெண்களில் கிடைத்தன. அவற்றின் இடைவெளிகள் மின்னணுக் கருவிகளில் வழக்கமாக இருக்கும் கடிகார அலையியற்றிகளின் (ஆசிலேட்டர்) அதிர்வெண்களோடு பொருந்தின. தொலைநோக்கி விலகியிருந்தபோதும் சில வந்திருந்தன. 2021இல் மனிதக் கருவிகளின் குறுக்கீடு என்று முடித்தார்கள். இத்தனை மாதமும் அது 'தடயம்' என்று தமிழ்ப் பாடநூலில் இருந்திருந்தால், பிள்ளைகள் எதை நம்பியிருப்பார்கள்?

ஆகவே என் பரிந்துரை: தொழில்நுட்ப அறிகுறி. அதன் இணைச்சொல்லான, உயிர் இருப்பதைக் காட்டக்கூடிய குறியைச் சொல்லும் பயோசிக்னேச்சருக்கு உயிரறிகுறி.

காய்ச்சல் டெங்குவின் அறிகுறி. சாதாரணச் சளிக்கும் அதே காய்ச்சல் வரும். மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்க்காமல் முடிவு சொல்வதில்லை. அந்த ஐயத்துக்கான இடம் 'அறிகுறி' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. செவ்வாயில் பெர்சிவரன்ஸ் ஊர்தி 2024இல் கண்ட, பழைய நுண்ணுயிர்களால் உண்டாகியிருக்கக்கூடிய சிறுத்தைப் புள்ளிப் பாறையைப் பற்றி எழுதும்போது நாசா பயோசிக்னேச்சர் என்பதோடு 'சாத்தியமான' என்ற அடைமொழியைச் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. நமக்கு அது வேண்டாம். உறுதியானால் 'சான்று' என்போம், அதுவரை 'அறிகுறி'. உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்

———

வணக்கம் தம்பி. நல்ல மடல். இரண்டு ஐயங்கள்.

ஒன்று, அறிகுறி வரப்போவதைச் சொல்வது. மழைக்கு அறிகுறி என்றால் மழை இனிமேல்தான் வரும். விண்வெளியில் நிலைமை தலைகீழ். ஆயிரம் ஒளியாண்டு தள்ளியிருந்து வரும் ஒளி ஆயிரம் ஆண்டுப் பழமை. அனுப்பியவர்கள் அழிந்தே போயிருக்கலாம். சுவடு என்ற சொல்லில் அந்த இறந்தகாலம் இருக்கிறது.

இரண்டு, உயிரறிகுறி என்றால் மருத்துவமனையில் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்ப்பதுபோல் தோன்றுகிறது. உயிர்க்குறி என்று வைக்கலாமே?

———

அக்கா, வணக்கம்.

உயிர்க்குறி வேண்டாம். தமிழ்க் கணிமைக்காரர்கள் கால், கொம்பு, கொக்கி முதலிய உயிரெழுத்துக் குறியீடுகளை அப்படித்தான் அழைக்கிறார்கள். யூனிகோடு பற்றித் தேடுபவர் செவ்வாய்க்குப் போய்விடுவார். மருத்துவத்தோடு குழம்பும் என்பது உண்மைதான், ஆனால் வானியல் பாடத்தில் இடம் பொருளைக் காட்டிவிடும்.

முதல் ஐயம் வலுவானது, நேற்று முழுக்க அதையே யோசித்தேன். ஆனால் 'செவ்வாயில் உயிர்கள் வாழ்ந்ததற்கான அறிகுறி' என்று நாளிதழ்கள் இயல்பாக எழுதுகின்றன, படிப்பவர் யாரும் தடுமாறுவதில்லை. அறிகுறி முக்காலத்துக்கும் பொருந்துகிறது.

இரண்டு சொல்லும் அக்கம்பக்கம் நிற்க வேண்டிய ஓர் எடுத்துக்காட்டும் கிடைத்தது. 1990 டிசம்பரில் வியாழனுக்குப் போகும் வழியில் கலிலியோ விண்கலம் பூமியைக் கடந்தது. வானியலாளர் கார்ல் சேகன் குழுவினர் பூமியை ஓர் அறியாத கோளாகக் கொண்டு அதன் தரவை ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். மிகுதியான ஆக்சிஜன், அதனோடு சேர்ந்து நீடிக்க முடியாத மீத்தேன், நிலப்பரப்பில் சிவப்பொளியை உறிஞ்சும் நிறமி: இவை உயிரறிகுறிகள். குறுகிய பட்டையில், பண்பேற்றத்தோடு (செய்தியைச் சுமக்க அலையை மாற்றும் முறை) வந்த வானொலி அலைகள்: அது ஒன்றுதான் தொழில்நுட்ப அறிகுறி. காடும் கடலும் தெரிந்தும், அறிவுள்ளவர் இருப்பதாகச் சொல்ல அந்த ஒன்றைத்தான் அவர்களால் காட்ட முடிந்தது.

உயிரறிகுறியில் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு K2-18b போதும். 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்தக் கோளில் டைமெத்தில் சல்பைடு இருக்கலாம் என்று வானியலாளர் நிக்கு மதுசூதனன் குழு 2025 ஏப்ரலில் அறிவித்தது. அதே தரவை ஆராய்ந்த வேறு குழுக்களுக்கு அந்த வலு தெரியவில்லை. உயிரே இல்லாத 67P வால்மீனிலும் அந்த வேதிப்பொருள் காணப்பட்டிருக்கிறது. பூமியில் கடல் நுண்பாசி வெளியிடும் பொருள் என்பதற்காக அதைச் 'சுவடு' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சொல்லடைவுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

தொழில்நுட்ப அறிகுறி (பெ.): வேற்றுலக உயிர்கள் உருவாக்கிய கருவியாலோ தொழிலாலோ ஏற்பட்டிருக்கக்கூடும் என்று கருதத்தக்க, தொலைவிலிருந்து அளக்க முடிகிற குறிகை, வேதிப்பொருள் அல்லது ஒளிமாற்றம். இயற்கைக் காரணங்களும் மனிதக் கருவிகளின் குறுக்கீடும் விலக்கப்படும்வரை சான்றாகாது.