மறு: லிஸ்ப் நிரலில் கோப்பை ‘நீக்கு’வதா, ‘அழி’ப்பதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆட்டோகேட் வரைபட மென்பொருளுக்கு நிரல் எழுதும் மொழி ஆட்டோலிஸ்ப். அதில் வட்டிலுள்ள கோப்பை இல்லாமல் செய்யும் ‘விஎல்-ஃபைல்-டிலீட்’ செயற்கூற்றுக்குத் தமிழ்ப் பெயராக இதுவரை கோப்புநீக்கு, கோப்பொழி, அறநீக்கு, கோப்பழி என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. என் வாக்கு கோப்பழிக்கு. காரணத்தை முந்தைய மடல்களுக்குப் பதிலாகவே எழுதிவிடுகிறேன்.

> எல்லா இடைமுகங்களிலும் ‘நீக்கு’ பழகிவிட்டது. கேட் மென்பொருளுக்கு மட்டும் ஏன் தனிச்சொல்?

பழகிய சொல்லை மாற்ற எனக்கும் விருப்பமில்லை. ஆனால் கணினியில் நாம் வழக்கமாக ஒரு கோப்பை நீக்கும்போது அது குப்பைத் தொட்டிக்குப் போகிறது. வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். விஎல்-ஃபைல்-டிலீட் தொட்டிப் பக்கமே போகாது, ‘உறுதியா?’ என்று கேட்கவும் கேட்காது. அன்டூவுக்கும் அது கட்டுப்படாது. வரைபடத்துக்குள் நடந்ததைத்தான் அன்டூ திருப்பும். வட்டில் நடந்தது அதன் கணக்கிலேயே வராது.

இதோடு, வரைபடத்திலுள்ள கோடு, வட்டம் போன்றவற்றை எடுக்கும் ‘என்ட்டெல்’ செயற்கூற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கோட்டின் மேல் அதை அழைத்தால் கோடு மறைகிறது. வரைபடத்தை மூடுவதற்குள் அதே கோட்டின் மேல் இன்னொரு முறை அழைத்தால் கோடு அப்படியே திரும்பி வந்து நிற்கிறது! அந்தக் கோட்டின் மேல் ‘நீக்கப்பட்டது’ என்று ஒரு குறி விழுகிறது, எடுபடுகிறது, அவ்வளவுதான். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘டிலீட்’ என்ற ஒரே சொல்தான் அடிப்படை. அந்தக் குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டுமா? திரும்பி வருமா வராதா என்பதை வைத்தே பிரிக்கலாம்: வருமென்றால் நீக்கு, வராதென்றால் அழி.

> வரைவாளர்கள் ரப்பரால் அழித்துப் பழகியவர்கள். அதனால் ‘அழி’ இரேஸ் கட்டளைக்குத்தான் பொருந்தும்.

இந்த வாதம் எனக்குச் சாதகமாகத்தான் திரும்புகிறது. தாளில் ரப்பர் அழித்த கோடு திரும்பி வராது. இரேஸ் கொடுத்து எடுத்த கோடோ, ‘ஊப்ஸ்’ என்று தட்டினால் வந்துவிடும். நடுவில் வேறு பத்து கோடுகள் வரைந்திருந்தாலும் அவற்றைத் தொடாமல் வந்துவிடும். ரப்பர் செய்கிற வேலையை இங்கே உண்மையாகச் செய்வது விஎல்-ஃபைல்-டிலீட்தான். ஆகவே இரேஸ், என்ட்டெல் இரண்டும் நீக்கு வரிசையில் இருக்கட்டும்.

மீட்பு மென்பொருள் போட்டால் வட்டிலிருந்து தோண்டி எடுக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். சில சமயம் முடியும். ஆனால் நிரல் எழுதுகிறவரிடம் அதை நம்பச் சொல்ல முடியாது.

> அப்படியானால் ‘அறவே நீக்கு’ என்பதைச் சுருக்கி ‘அறநீக்கு’ எனலாமே?

அறத்தை நீக்குவதாகப் படிப்பார்கள். ‘கோப்பொழி’ திட்டுவது போல இருக்கிறது, ‘கோப்பொழிப்பு’ அரசுத் திட்டம் போல இருக்கிறது. இரண்டும் வேண்டாம்.

இனி கையேட்டில் இந்தச் சொல் வரப்போகும் இடத்தைப் பார்ப்போம். வரைபடத்தைச் சேமிக்கும்போது முந்தைய வடிவம் ‘பிஏகே’ நீட்டிப்போடு ஒரு காப்புக் கோப்பாகத் தங்குகிறது (‘ஐசேவ்பேக்’ மாறி 1 என்றிருந்தால்). வரைபடம் கெட்டுப்போனால் அதன் நீட்டிப்பை ‘டிடபிள்யூஜி’ என்று மாற்றித் திறந்துகொள்ளலாம். இந்தக் கோப்புகள் சேர்ந்து குவிந்ததும் பலர் எழுதும் முதல் லிஸ்ப் நிரலே அவற்றைத் துப்புரவு செய்வதுதான். பல கோப்புகளை ஒரே பெயரில் சுட்ட உதவும் நட்சத்திரக் குறியை விஎல்-ஃபைல்-டிலீட் ஏற்காது. எனவே ‘விஎல்-டைரக்டரி-ஃபைல்ஸ்’ மூலம் பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். பட்டியலில் வருவது வெறும் பெயர். கோப்புறையின் பாதை அதில் இருக்காது. பாதையை முன்னால் ஒட்டாமல் கொடுத்தால், செயற்கூறு இயல்பான வரைபடக் கோப்புறையில் போய்த் தேடும். அங்கே அதே பெயரில் வேறொரு திட்டத்தின் காப்புக் கோப்பு இருந்தால், போவது அதுதான். இந்த இடத்தில் ‘நீக்குகிறது’ என்று எழுதினால் படிப்பவர் அலட்சியமாகத் தாண்டிப் போய்விடுவார். ‘அழிக்கிறது’ என்றால் கொஞ்சமாவது நிதானிப்பார்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. இந்தச் செயற்கூறு வேலை முடிந்தால் ‘டி’ என்றும் முடியாவிட்டால் ‘நில்’ என்றும் விடை தருகிறது. பிழைச்செய்தி எதுவும் வராது. கோப்பே இல்லையா, வேறு நிரல் திறந்து வைத்திருக்கிறதா, நாமே ‘ஓப்பன்’ செய்துவிட்டு ‘க்ளோஸ்’ செய்ய மறந்தோமா என்று அது பிரித்துச் சொல்வதில்லை. (நில் என்று வந்தால் தமிழர் நிற்க வேண்டியதுதான்!) தமிழில் ‘அழி’ தன்வினையாகவும் வரும், பிறவினையாகவும் வரும். கட்டளை ‘கோப்பழி’, விடைக்கான செய்தி ‘அழிந்தது’ அல்லது ‘அழியவில்லை’. யார் அழித்தது, ஏன் அழியவில்லை என்று சொல்லாமலே செய்தி அமைந்துவிடுகிறது. நமக்குத் தெரிந்ததும் அவ்வளவுதானே.

மற்ற இரண்டு சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘விஎல்-ரிமூவ்’ மூலப் பட்டியலைத் தொடுவதில்லை. ஓர் உறுப்பு இல்லாத புதுப் பட்டியலைத்தான் தருகிறது. அதற்கு ‘விலக்கு’ போதும். ‘பர்ஜ்’ கட்டளை வரைபடத்தில் பயன்படாமல் கிடக்கும் அடுக்குகளையும் தொகுதி வரையறைகளையும் எடுத்துப் போடுகிறது. அதற்கு முன்பு ஒருவர் சொன்ன ‘களை’யே சரி. பெயர்ச்சொல் ‘களைதல்’ என்று இருக்கட்டும். ‘களைப்பு’ என்று எழுதிவிட்டால் மென்பொருளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கும்.

கோப்புறையை அழிக்க ஆட்டோலிஸ்ப்பில் தனிச் செயற்கூறு கிடையாது. உருவாக்க ‘விஎல்-எம்கேடிர்’ இருக்கிறது, அழிக்க இணையாக ஒன்று வைக்கவில்லை. விண்டோஸின் கோப்பமைப்புப் பொருளை அழைத்துத்தான் செய்கிறார்கள். ஆகவே ‘கோப்புறையழி’ என்ற சொல்லை இப்போதைக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

கோப்பழிக்கு மறுப்பு இருந்தால், அந்தச் சொல் வரும் ஒரு முழு வாக்கியத்தோடு எழுதுங்கள். தனிச்சொல்லாக வைத்துப் பேசினால் முடிவு கிடைக்காது. அப்புறம், ‘ஊப்ஸ்’ கட்டளைக்கு ‘அடடா’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லிவிடாதீர்கள்.